சிக்கெடுத்து வைத்த விரிப்புகள்

இப்போதெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரு செய்தித்தாளை முழுதாகப் படிக்க என்னால் முடிவதில்லை. பாதியில் எழுந்து வாசல் வரை போகிறேன், கேட்டைத் திறக்கிறேன், மூடுகிறேன், திரும்பி வருகிறேன். சமையலறையிலிருந்து என் மனைவி, "யாராச்சும் வர்றாங்களா, இல்ல நீங்க எங்கயாச்சும் போறீங்களா? ரெண்டுல ஒண்ணைச் சொன்னா அதுக்குத் தகுந்தாப்புல அரிசி போடுவேன்" என்கிறாள். டாக்டரிடம் அழைத்துப் போனாள். வயதுக்கு வரும் படபடப்புதான் என்று அவர் ஒரு மாத்திரை எழுதினார். அதை இரண்டு வேளை சாப்பிட்டு நிறுத்திவிட்டேன். படபடப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

சோமனூர் பக்கத்தில் ஒரு தெரு. அந்தத் தெருவில் பல வீடுகளின் சுவரில் ஓர் அட்டை ஒட்டப்பட்டிருந்தது. ஒரு விரிப்பு முடிக்க ஆகும் நேரம் அதில் அச்சிடப்பட்டிருந்தது. அந்த நேரத்தை அளந்து கொடுத்தவன் நான். அது தவறான நேரம். தவறு என்பது அளக்கும்போதே எனக்குத் தெரியும்.

நான் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் ஜவுளித் தொழில் படிப்பு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். என் பாடம், வேலைக்கு ஆகும் நேரத்தை அளப்பது. ஒரு வேலையைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்ப்பது. மாணவர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னைக் 'கடிகாரம்' என்றுதான் சொல்வார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளுக்குள் எனக்கு அந்தப் பெயர் பிடித்தே இருந்தது.

அந்த மாணவர்களில் ஒருவர் இப்போது ஏற்றுமதி செய்கிறார். சோபாவின் மேல் போடும் பருத்தி விரிப்புகள். விரிப்பின் இரண்டு ஓரங்களிலும் நெய்யாமல் விட்ட நூல்கள் தொங்கும். அவற்றைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து இரண்டு வரிசை முடிச்சுப் போட்டால் குஞ்சம். அந்த முடிச்சைக் கம்பெனிக்குள் போடுவதில்லை, வீடுகளுக்குக் கொடுத்து வாங்குகிறார்கள். டெம்போ வந்து கட்டுகளை இறக்கிவிட்டு, முடித்ததை ஏற்றிக்கொண்டு போகும். கூலி பீஸ் கணக்கு, ஒரு விரிப்புக்கு இவ்வளவு என்று.

போன வருடம் அவருடைய பையர், அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள், புதிதாகச் சில விதிகளை அனுப்பினார்கள். வீட்டில் இருந்து வேலை செய்கிறவருக்கும் கம்பெனியில் வேலை செய்கிறவருக்கு உள்ள நியாயம் வேண்டும். குழந்தைகளின் கை படக் கூடாது. யார் யார் கை வேலை செய்கிறதோ அத்தனையும் கணக்கில் வர வேண்டும். ஒரு பீஸ் முடிக்க உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, அந்த நேரத்துக்கு அரசு சொல்லும் குறைந்தபட்சக் கூலியாவது கிடைக்கிறதா என்று காட்ட வேண்டும். படித்துப் பார்த்தபோது நல்ல விதிகள் என்றே தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மாணவர் வீட்டுக்கு வந்து, "வேற யாரு அளந்தாலும் எனக்கு நம்பிக்கை வராதுங்க சார். நீங்கதான் பண்ணிக்குடுக்கோணும்" என்றார். ஓய்வு பெற்றவனிடம் இப்படி ஒருவர் வந்து கேட்டால் என்ன ஆகும்? அலமாரியைத் திறந்து பழைய ஸ்டாப் வாட்சைத் துடைத்தேன்.

நானும் மாணவரும் போவது முந்தின நாளே அந்தத் தெருவுக்குத் தெரிந்திருந்தது. டெம்போ டிரைவர் சொல்லியிருந்தார். வேகமாகவும் சுத்தமாகவும் வேலை செய்கிறவர் என்று கம்பெனி காட்டிய ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனோம். நாற்பது வயது இருக்கும். கணவர் அடுத்த தெருவில் ஒரு தறிக்குடோனில் விசைத்தறி ஓட்டுகிறார், அப்போது வேலைக்குப் போயிருந்தார். வாசல் கழுவி ஈரம் காயாமல் இருந்தது. சொம்பில் தண்ணீர் வந்தது, பிறகு காப்பி வந்தது. நான் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைக்கும் வரை அந்தப் பெண் வேலையில் உட்காரவில்லை. பக்கத்து வீட்டு மருமகள் ஒருத்தி வந்து விரிப்பின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பவும் செய்யறாப்பல செய்யுங்க அம்மணி. அவசரம் வேண்டாம்" என்றேன்.

"எப்பவும் இப்படித்தானுங்க சார்" என்றார்.

அப்புறம் அந்த விரல்கள் ஓடின. எத்தனையோ மில்களில் எத்தனையோ கைகளைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு வேகத்தை அதிகம் பார்த்ததில்லை. அவர் தலை நிமிரவில்லை. மேலுதட்டில் வேர்வை பூத்தது, அதைத் துடைக்கவும் கை எடுக்கவில்லை.

நான் பார்த்தது அது மட்டும் இல்லை. கட்டில் மேல் விரித்திருந்த விரிப்புகளின் நூல்கள், எண்ணெய் வைத்து வாரிய தலைமுடி மாதிரி நேராகக் கிடந்தன. நூலோடு வாழ்ந்தவன் நான். மடித்துக் கட்டி, டெம்போவில் ஏற்றி இறக்கிய விரிப்பின் நூல் அப்படி இருக்காது. ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு, தூசியோடு, பந்து பந்தாகத்தான் இருக்கும். அதை விரலாலும் சீப்பாலும் பிரித்தெடுத்த பிறகுதான் முதல் முடிச்சு. அந்த வேலை நான் வரும் முன்னாலேயே முடிந்திருந்தது. ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டாவது ஆளையும் பார்த்தேன். வழக்கத்தை மீறிய வேகத்தில் ஒருவர் வேலை செய்தால், அளந்த நேரத்தோடு கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆண்டுக்கு ஆண்டு கரும்பலகையில் எழுதிக் காட்டியவனும் நான்தான்.

எதையும் கூட்டவில்லை. கடிகாரம் காட்டியதை அப்படியே எழுதினேன்.

ஏன் என்று கேட்டால், சொல்ல வெட்கமாக இருக்கிறது. யாரும் என்னை விலைக்கு வாங்கவில்லை. அந்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால், கம்பெனி ஏற்கனவே கொடுக்கும் கூலியே போதும் என்று வந்தது. காரில் ஏறியதும் மாணவரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்ப நாம செரியாத்தான் குடுத்துட்டு இருக்கறோமுங்க சார்" என்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பிடித்தது. சிக்கெடுப்பதைப் பற்றி வாயைத் திறந்தால் அந்த மலர்ச்சி போய்விடும். திறக்கவில்லை.

அட்டை அச்சாகி ஒட்டப்பட்டது என்று மாணவர் போனில் படம் அனுப்பினார். பையரும் மகிழ்ச்சியாம். அவர்களுடைய ஆடிட்டர் ஒரு முறை நேரில் வந்து சரிபார்த்துவிட்டால், அதே கூலி அப்படியே நிலைத்துவிடும் என்றார். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அன்றிலிருந்துதான் செய்தித்தாள் பாதியில் நிற்கிறது.

ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். அவினாசி ரோட்டில் வண்டி நின்று நின்று போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது.

நான் போனபோது அந்தப் பெண் தனியாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் புதிதாகப் பிரித்த கட்டு. மடியில் ஒரு பெரிய நூல் பந்து. பல் அகலமான சீப்பு ஒன்றை வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, விரிப்பைச் சுருட்டி மூலையில் தள்ளப் பார்த்தார்.

"ஏனுங்க சார், ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வந்திருக்கலாமுங்களே."

அன்று கரண்ட் இல்லாததால் கணவர் வீட்டில் இருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க சார். நீங்க வெச்ச நேரத்துக்கு இவ ஒரு நாளாச்சும் முடிக்கிறாளான்னு நானும் பாக்கறனுங்க. காலையில காப்பி லேட்டு, பொழுது சாய்ஞ்சா சோறு லேட்டு. கேட்டா சிக்குங்கறா. கார்டுல சிக்குன்னு ஒண்ணும் போடலீங்களே."

"உங்க தறியில நூல் அறுந்தா நாங்க வந்து மணி பாக்கறமாக்கும்?" என்றார் அந்தப் பெண், என் பக்கம் திரும்பாமல்.

"படிச்ச சாரு கடிகாரம் வெச்சுப் பாத்திருக்காரு. சாரு சொல்றது பொய்யா, நீ சொல்றது பொய்யா? நீயே சொல்லு."

கணவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. முன்பெல்லாம் வேலை முடிய இருட்டிவிட்டால், வேலை அதிகம் என்று இருந்தது. அட்டை வந்த பிறகு, கை மந்தம் என்று ஆகிவிட்டது. பணம் குறைவு என்று கேட்கப் போனவரிடம் டெம்போ டிரைவரும் அட்டையைத்தான் காட்டினாராம்.

கணவர் வெளியே போனதும், அன்றைக்கு நூலெல்லாம் அவ்வளவு நேராக இருந்ததே என்று கேட்டேன். அந்தப் பெண் அதை மறைக்கவே இல்லை. காலங்காத்தாலே எழுந்து, தானும் பக்கத்து வீட்டு மருமகளும் உட்கார்ந்து சிக்கெடுத்து வைத்ததாகச் சொன்னார்.

"ஊட்டுக்கு வாரவங்களைக் காக்க வெச்சுப்போட்டு, அவங்க முன்னால சிக்கோட திணறிக்கிட்டு இருக்கறதுங்களா? பெரியவங்க நீங்க, அத்தன தூரத்துல இருந்து வாரீங்க."

விருந்தாளி வரும் முன்பே சோறு வடித்து வைப்பது போலத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படித்தான் செய்வார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். அவர்கள் என்னை ஏமாற்றவில்லை, மரியாதை செய்தார்கள். அந்த மரியாதையை நான் அளந்து, அதையே அவர்களுடைய வழக்கமான வேகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் அம்மணி" என்றேன்.

சீப்பு நின்றது. "என்னங்க தெரியும்?"

"சிக்கெடுத்து வெச்சிருக்கீங்கன்னு. பார்த்தவுடனே தெரிஞ்சுது."

அவர் சீப்பைக் கீழே வைத்தார். பிறகு, "தெரிஞ்சு ஏனுங்க அப்படி எழுதுனீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. வழி தெரியாத ஊரில் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பது போலக் கேட்டார். அட்டையை மாற்றச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அதற்கு அவர் மகிழவில்லை. "மாத்தச் சொல்லி, அவிய வேலையவே நிறுத்திப்போட்டாங்கன்னா?" என்றார். முன்பு அவர் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தவர். விடியும் முன்னால் கம்பெனி பஸ் வரும், திரும்பும்போது வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள், அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வேலைக்கு வந்தார். "இதுவும் போச்சுன்னா மறுக்கா பஸ் ஏறோணுமுங்க" என்றார்.

அங்கிருந்து நேராக மாணவரின் அலுவலகத்துக்குப் போனேன். அவர் எழுந்து நின்று வரவேற்றார். நான் சொல்லச் சொல்ல அவர் மேசையின் மேல் இருந்த நூல் மாதிரிகளை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

"நீங்க கையெழுத்துப் போட்டதுங்க சார். இப்ப தப்புன்னா, பையர் ஏன் தப்பாச்சுன்னு கேப்பாங்க. வீட்டு வேலையே வேண்டாம், எல்லாத்தையும் உள்ள கொண்டு வந்துருங்கன்னு ஒரு மெயில் போட்டா முடிஞ்சுது. அந்தம்மா நிலைமை என்னாவுங்க?"

அவர் கேட்டதும் அந்தப் பெண் கேட்டதும் ஒரே கேள்விதான். ஆனால் அவர் வாயில் வந்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. "அன்னைக்கே பார்த்தேன், பார்த்துட்டுச் சொல்லாம விட்டேன்" என்றேன். அவர் கையிலிருந்த மாதிரியைக் கீழே வைத்தார். "சொல்லியிருக்கலாமுங்களே சார். நான் என்ன உங்களை அடிக்கவா போறேன்?" என்றார். அதுவும் உண்மைதான். அடுத்த வாரம் ஆடிட்டர் வருகிறார், நீங்களே கூட இருந்து எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் செய்யுங்கள் என்று சொல்லி, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

அந்த ஒரு வாரமும் வீட்டில் என்னோடு யாரும் பேச முடியவில்லை. மனைவி கேட்டின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டாள், சத்தமாவது கேட்காமல் இருக்கட்டும் என்று.

ஆடிட்டர் பெங்களூரிலிருந்து வந்த இளம்பெண். தமிழ் நன்றாகவே பேசினார். தெருவுக்குப் போனோம். வாசல் கழுவியிருந்தது. சொம்பில் தண்ணீர். கட்டில் மேல் வாரிவிட்ட மாதிரி நேரான நூலோடு விரிப்புகள். பக்கத்து வீட்டு மருமகள் தயாராக நின்றாள். நான் வந்து சொன்ன பிறகும் அவர்களால் வேறு மாதிரி இருக்க முடியவில்லை.

நான் யாரையும் கேட்கவில்லை. கட்டில் மேல் இருந்தவற்றை எடுத்து ஓரமாக வைத்தேன். வாசலில் டெம்போ இறக்கிப் போயிருந்த கட்டு ஒன்றை உள்ளே இழுத்து, கயிற்றை அறுத்து, அந்தப் பெண்ணின் முன்னால் போட்டேன். "இதைச் செய்யுங்க அம்மணி" என்றேன்.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

நேரம் போனது. வாசலில் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். பந்து பந்தாக இருந்த நூலை அவர் பிரிக்கப் பிரிக்க, எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆடிட்டருக்கு வைத்த காப்பியில் ஆடை படிந்தது. பக்கத்து வீட்டு மருமகள் தன்னையறியாமல் வந்து ஓரத்தைப் பிடித்தாள். இவர் யார், இவருக்குக் கூலி உண்டா என்று ஆடிட்டர் கேட்டார். "நான் சும்மா ஒரு கை புடிச்சனுங்க, அவ்வளவுதானுங்க" என்று அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஆடிட்டர் எழுதிக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த கணவர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றார். தறிக்காரர் அல்லவா, கொஞ்ச நேரத்துக்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. உள்ளே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இழுக்காத புள்ளை, ரெண்டாப் பிரி, இங்க குடு" என்று ஒரு பந்தை வாங்கிப் பிரிக்கத் தொடங்கினார். இவரும் தினமும் வேலை செய்கிறாரா என்று ஆடிட்டர் கேட்டதும், தீயைத் தொட்ட மாதிரி கையை எடுத்தார். "ஐயோ, நானில்லீங்க." வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். "கார்டுல உம்ம பேரையும் போட்டிருவாங்க, போங்க" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தபோதும், வேலை செய்துகொண்டிருந்தவர் சிரிக்கவில்லை.

விரிப்பு முடிந்தபோது நேரம், அட்டையில் இருந்ததைவிட எங்கேயோ போயிருந்தது. முதலில் அளந்தது எப்படி அவ்வளவு குறைவாக வந்தது என்று ஆடிட்டர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னேன், அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. சிக்கெடுத்து வைத்ததைப் பார்த்தேன், இரண்டாவது ஆளைப் பார்த்தேன், தெரிந்தே விட்டேன், இவர்கள் கையில் மந்தம் ஒன்றும் இல்லை என்றேன். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனதில் இருந்த பாரம் இறங்கியதாகவே நினைத்தேன். செருப்பை மாட்டும்போது அந்தப் பெண் பக்கத்தில் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"நாலு பேர் முன்னால என்னைய இப்படி ஒக்கார வெச்சுட்டீங்களே சார். என்ற கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே கட்டைப் பிரிச்சு வெச்சிருப்பனுங்க."

முதல் முறை அவருடைய மரியாதையை அவருக்கு எதிராகத் திருப்பினேன். இரண்டாவது முறை, என் தவறைத் திருத்திக்கொள்ள அவருடைய திணறலை எடுத்துக்கொண்டேன். இரண்டு முறையும் அவரைக் கேட்கவில்லை. வேலை போனால் பஸ் ஏறப் போவது நான் இல்லை, அவர்தான்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் அந்தத் தெருவுக்குக் கட்டே வரவில்லை. நான் மாணவரின் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். பையரிடம் இருந்து பதில் வரவில்லை என்றார். வரவேற்பறையில் இருந்த பெண் என்னைக் கண்டதுமே தண்ணீர் எடுத்து வரும் அளவுக்குப் போனேன். பனியன் கம்பெனிக்காரர்கள் தெருவில் ஆள் கேட்டு வந்தார்கள், அந்தப் பெண் ஒரு வாரம் தவணை சொல்லி அனுப்பினார் என்று டெம்போ டிரைவர் மூலம் கேள்விப்பட்டேன். அந்த வாரம் நான் எப்படி இருந்தேன் என்பதை என் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

கடைசியில் பழைய அட்டைகளை எடுத்துவிட்டார்கள். புதிய அட்டையில் சிக்கெடுக்கும் நேரமும் சேர்ந்திருக்கிறது, கூலியும் ஏறியிருக்கிறது. ஆனால் குஞ்சம் வைத்த விரிப்புகளைக் கம்பெனி குறைத்துவிட்டது. வரும் கட்டுகளைத் தெருவில் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள், ஒரு வாரம் இந்த வரிசை வீடுகள், அடுத்த வாரம் எதிர் வரிசை. அந்தப் பெண்ணைப் போனில் கேட்டபோது, பனியன் கம்பெனிக்குப் போகவில்லை என்று சொன்னார். "இப்ப பொழுதோட வேலை முடிஞ்சுருதுங்க. வாரம் விட்டு வாரந்தான் வேலைன்னு ஆயிப்போச்சுங்க" என்றார். இது நல்லதா கெட்டதா என்று கேட்டேன். "ரெண்டுந்தானுங்க" என்றார். இப்படியே எத்தனை மாதம் சமாளிக்க முடியும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது கம்பெனியில் ஒரு புது மாதிரி வந்திருக்கிறது. மேசை விரிப்பின் ஓரத்தில் வைக்கும் சின்னக் குஞ்சம். அந்தத் தெருவுக்கு அது போனால் எல்லா வாரமும் வேலை இருக்கும். அதற்கும் நேரம் அளக்க வேண்டும். நாளைக்கே காரை அனுப்பட்டுமா சார் என்று மாணவர் கேட்டார். சரி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, எப்போது வரலாம், யாரை வைத்து அளக்கலாம், கட்டை எப்படி வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம் என்று கேட்டேன். தெருவில் மற்றவர்களோடு பேச வேண்டும், அந்த மாதிரியை ரெண்டு நாள் கையில் வைத்துச் செய்து பார்க்க வேண்டும் என்றார்.

"நாளைக்கெல்லாம் ஆகாதுங்க சார். அடுத்த வியாழக்கிழமைக்கு மேல நானே போன் பண்றனுங்க. அது வரைக்கும் நீங்க வராதீங்க."

சரி அம்மணி என்றேன். மாணவருக்கு அதையே சொன்னேன். பையர் அவசரப்படுத்துகிறார்கள் என்று அவர் தினமும் கூப்பிடுகிறார். வியாழக்கிழமை வந்தது, போனது. வெள்ளி, சனியும் போய்விட்டன. போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடக்கிறேன். கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. கூப்பிடவில்லை.